உனக்கு அக்கி, எனக்குச் சீக்கு

அஜ்மான்
17.01.2025

உதயாவுக்கு,

நீ வேறொருத்தனோடு படுத்திருக்கிறாய். நான் ஊரில் இல்லாத நேரத்தில் அது நடந்திருக்கிறது.

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்வோம். அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போன ஆகஸ்ட் இருபதாம் தேதி நான் விமானம் ஏறினேன். பத்து நாள்கூட ஆகவில்லை, உனக்கு அந்த இடத்தில் கொப்புளம் வந்திருக்கிறது. நவம்பரில் மறுபடி. இப்போது மூன்றாவது முறை. ஐந்து மாதமாகக் கட்டிய புருஷனிடம் ஒரு வார்த்தை இல்லை. யாருக்கும் தெரியாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்திருக்கிறாய். அம்மா அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்திருக்கிறாள். இப்போது குப்பம் முழுக்கத் தெரியும்.

இதைப் போனில் பேசாதே. இங்கே ஒரே அறையில் எட்டு பேர் படுக்கிறோம், எட்டு பேரும் திருவொற்றியூர், காசிமேடு. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். பர்மா பஜார் கடைக்குச் சாமான் தூக்குகிற உசேன் பாய் மாதம் ஒருமுறை வந்து போகிறார். அவரிடம் கடிதமாகக் கொடு. அவன் யார் என்று எழுது.

குழந்தை வினிதாவை உன் பக்கத்தில் படுக்க வைக்காதே.

வலையில் வஞ்சிரம் நன்றாகப் படுகிறது. நான் நலம்.

விமல்


திருவொற்றியூர்
29.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் எவனோடும் படுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு மற்றதைப் படி.

நீ நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். வினிதா நலம். அத்தைக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்திருந்தது, நான் வேலை பார்க்கிற மெடிக்கல் கடையிலிருந்து வாங்கி வந்து வைத்துவிட்டேன்.

நீ போன ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியது. ஒன்றுக்குப் போனால் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது, மேலே தண்ணீரை ஊற்றிக்கொண்டேதான் போக முடிந்தது. அக்கி என்றுதான் நானும் நினைத்தேன். டோல்கேட்டில் சட்டி பானை விற்கிற புஷ்பவல்லி கொப்புளத்தின் மேல் காவியால் சிங்கம் எழுதுவாளே, அவளைக் கூப்பிடலாமா என்று அத்தையைக் கேட்டேன்.

"அந்த எடத்துல எவளுக்குடீ அக்கி வரும்? இது கலீஜ் சீக்கு" என்றாள் அத்தை. உன்னிடம் நான் சொல்லாததற்கு அந்த வார்த்தைதான் காரணம்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் நோய்ப் பிரிவில் நர்ஸ், "வீட்டுக்காரர் வரலியாம்மா?" என்று கேட்டார். துபாய்ப் பக்கம் என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "ஆமா, இங்க வர்ற எல்லாருக்கும் புருஷன் துபாய்லதான் கீறான்" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஹெர்பிஸ் மாதிரித் தெரிகிறது என்றார். நிறையப் பேருக்கு இருக்கிறதாம், பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாதாம். உயிருக்கு ஒன்றும் ஆகாது. முழுசாகப் போகாது, அவ்வப்போது வரும், மாத்திரை போட்டால் அடங்கும். தட்டு, டம்ளரில் ஒட்டாது. கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். மற்ற ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

முதல் தடவை எப்போது வந்தது என்று கேட்டார். சொன்னேன். ஒட்டினால் இரண்டு வாரத்துக்குள் காட்டிவிடும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சீட்டில் எழுதிக்கொண்டே, "அவர் ஊருக்கு வந்தா ஒரு தடவை இட்டுனு வாங்க" என்றார்.

மாமா, உனக்கு இப்படி எப்போதாவது வந்திருக்கிறதா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். நான் கோபப்பட மாட்டேன்.

எனக்குத் தனித் தட்டு வந்துவிட்டது. வினிதா அத்தையோடு படுக்கிறாள்.

கடலில் கவனமாக இரு.

உதயா


அஜ்மான்
26.02.2025

அன்புள்ள உதயாவுக்கு,

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உனக்கும் வினிதாவுக்கும் எதுவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

போன கடிதத்தை மறந்துவிடு. அம்மா அழுததில் புத்தி கெட்டு எழுதிவிட்டேன். நீ அப்படிப்பட்டவள் இல்லை. அது சூடு. மெடிக்கல் கடையில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே பில் போடுகிறாய், சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? கத்திரிக்காயும் கருவாடும் குறைத்துக்கொள். மோர் குடி. எண்ணூர்க் கம்பெனிக் காற்றில் யாருக்குத்தான் தோல் ஒழுங்காக இருக்கிறது? டாக்டர்களுக்கு ஏதாவது ஒரு பெயரை எழுதியாக வேண்டும், எழுதுகிறார்கள்.

முதலாளி படகுக்குப் புது இன்ஜின் போட்டிருக்கிறார். பழையதைவிடச் சத்தம் குறைவு. போன வாரம் வலையில் ஒரு பெரிய திருக்கை மாட்டி வலையையே கிழித்துவிட்டது. இரண்டு நாள் தைத்தோம்.

பாய் கையில் பால் பவுடர், வினிதாவுக்குக் கலர் பென்சில், உனக்கு ஒரு செண்ட் பாட்டில் கொடுத்திருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் விமல்


திருவொற்றியூர்
09.03.2025

மாமாவுக்கு,

பால் பவுடரும் பென்சிலும் வந்தன. செண்ட் பாட்டிலை அத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இவுளுக்கு இன்னாத்துக்கு செண்டு? எவன் மோந்து பாக்கவாம்?" என்று கேட்டாள். நீ நலமாக இருப்பதில் குறையில்லை. நானும் இருக்கிறேன்.

எண்ணூர்க் கம்பெனிகள் செய்திருப்பதே போதும், இதையும் அவர்கள் தலையில் கட்டாதே.

முதல் கடிதத்தில் அவன் யார் என்று கேட்டாய். அடுத்த கடிதத்தில் அப்படி ஒருவனே இல்லை என்கிறாய். நடுவில் நடந்தது ஒன்றுதான். நான் உன்னை ஒரு கேள்வி கேட்டேன். நீ திருக்கை மீனைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

இந்த நோய்க்குப் போடுகிற களிம்பை நான் கடையில் தினமும் விற்கிறேன். லாரி டிரைவர்கள் வருகிறார்கள், ஹார்பர் கிளார்க்குகள் வருகிறார்கள், காலேஜ் பையன்கள் வருகிறார்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே இருக்கிற ஆம்பளையைக் கூப்பிடச் சொல்கிறார்கள். பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் ஒருத்தனுக்காவது அவன் அம்மா தனித் தட்டு வைத்திருப்பாளா? நான் கடையில் சேர்ந்து ஐந்து வருடம். ஒரு பெண்கூட வந்து கேட்டதில்லை. பெண்களுக்கு வராமலா இருக்கும்? வெந்நீரில் உட்கார்ந்து எழுந்து சோறாக்கப் போயிருப்பார்கள்.

நேற்று வினிதாவுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன். பாதிப் பின்னலில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஆயா பின்னட்டும்மா."

"ஏன்டி, நான் பின்னுனா இன்னா?"

"நீ தொட்டா எனக்கும் கொப்புளம் வருமாமே."

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரிந்த முடியுமாக அவள் அத்தையைத் தேடிக்கொண்டு போனாள்.

இன்னொன்று. போன ஆகஸ்டில் நீ கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உன் லுங்கியில் இடுப்புப் பக்கம் காவிக் கறை இருந்தது. கேட்டதற்குக் கோயில் மதிலில் சாய்ந்தேன் என்றாய். நானும் துவைத்துப் போட்டேன்.

ஆமாமா, இல்லையா?

உதயா


அஜ்மான்
22.04.2025

உதயாவுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. போன முறை பாய் வந்தபோது நான் கடலில் இருந்தேன்.

அந்தக் காவி அக்கிக்குப் போட்டது. உப்புத் தண்ணீரில் கிடக்கிற எல்லாருக்கும் அக்கி வரும். அது வேறு, இது வேறு.

ஜூனில் எனக்கு விசா மெடிக்கல். அந்த நோயின் பெயரை என் பெயரோடு சேர்த்து எவனாவது ஒரு பேப்பரில் எழுதினால் மறுநாளே விமானம் ஏற்றிவிடுவார்கள். இனி அந்தப் பெயரை எழுதாதே. இந்தக் கடிதங்களை அடுப்பில் போடு.

வினிதாவை அப்பா கேட்டதாகச் சொல்.

விமல்


திருவொற்றியூர்
04.05.2025

விமலுக்கு,

நம் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. அதில் கடிதத்தை எரித்தால் உன் அம்மா மூக்குக்குத் தெரிந்துவிடும். உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

புஷ்பவல்லி டோல்கேட்டில் தண்ணீர்ப் பானை போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு பானையைத் தட்டிப் பார்க்கக் குனிந்தேன். அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"விமலு பொஞ்சாதி தானே நீ? இப்ப எப்பிடிகீது அவனுக்கு இடுப்புல?"

"நல்லாகீதுக்கா. நீ எத்தினி தபா எழுதினே அவருக்கு?"

"அஞ்சு தபா. மொத தபா எழுதறப்போ அவனுக்குப் பத்தொம்போது வயசு. அஞ்சு தபாவும் அதே எடம். அக்கின்றது வந்தா எரிஞ்சி அடங்கி பூடும்மா. இப்புடி சொந்த வூடு கணக்கா அதே எடத்துல வந்து வந்து குந்தாது. மூணாவது தபாவே உம் மாமியா செல்லம்மா கைல சொல்ட்டேன், இது என் காவிக்கு அடங்கறது இல்ல, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன்னு."

"அத்தை இன்னா சொன்னாங்க?"

"கண்ணாலம் பண்ணா சூடு எறங்கிடும்னுச்சு."

பானையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "வாங்காத பானைய இன்னாத்துக்கு இந்தத் தட்டு தட்னே?" என்று அவள் பின்னால் கத்திக்கொண்டிருந்தாள்.

உன் சூட்டை இறக்கத்தான் என்னைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதே கொப்புளம்தான். உனக்கு வந்தால் அக்கி, காவி, இளநீர். எனக்கு வந்தால் சீக்கு.

பத்தொன்பது வயதில் உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எப்போதும் கேட்க மாட்டேன். அப்போது நீ என் புருஷன் இல்லை. அது என்னவென்று உனக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், அதையும் நம்புகிறேன். இவ்வளவுக்குப் பிறகும் உசேன் பாய் தெருமுனையில் வந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கே கேவலமாக இருக்கிறது.

உன் அம்மாவுக்குப் போன் போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல். "அவளுக்கு என்கிட்ட இருந்துதான் வந்தது." நோயின் பெயர் வேண்டாம், பேப்பர் வேண்டாம். அதைக் கேட்டால் அன்றைக்கே வினிதா என் பக்கத்தில் படுப்பாள்.

உதயா


அஜ்மான்
19.06.2025

அன்புள்ள உதயாவுக்கு,

மெடிக்கல் பாஸ். ரத்தமும் எக்ஸ்ரேயும் சரியாக இருக்கின்றன. அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இனி இரண்டு வருடத்துக்குக் கவலை இல்லை. நீயும் வினிதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். அம்மாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. பிரஷர் வேறு. அவளிடம் ஒரு மகன் இதை எப்படிச் சொல்வான்?

நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. உன்மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. அது போதாதா உனக்கு?

ஊருக்கு வந்ததும் உட்கார்ந்து பேசுவோம். இதைப் படித்ததும் கிழித்துவிடு. யாரிடமும் காட்டாதே. உன்னை நம்பித்தான் எழுதியிருக்கிறேன்.

உன் விமல்


மூலக்கொத்தளம்
20.07.2025

விமலுக்கு,

மேலே ஊரைப் பார்த்திருப்பாய். நான் அண்ணன் செல்வம் வீட்டில் இருக்கிறேன். உடம்பு எப்படி என்று நீ கேட்கும் முன்பே சொல்கிறேன், நான்காவது முறை வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா பஞ்சாயத்தைக் கூட்டினாள். வலை பின்னும் கொட்டகையில் ஏழு ஆம்பளைகள். ஒருத்தர், "எந்த எடத்துலம்மா வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். மற்ற ஆறு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

"அவரையே கேளுங்க" என்றேன். தலைவர் தாமோதரன் உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னா நைனா விமலு, நல்லாகீறியா? உம் பொஞ்சாதி உன்னையே கேக்கச் சொல்லுது. உங்கம்மா இத்த அண்ணன் வூட்டுக்கு அனுப்பச் சொல்லுது. நீ இன்னா சொல்ற?"

உன் அறையில் யாரோ இருமுவது கேட்டது. நீ ஜூனில் எழுதிய கடிதம் என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. நீ சொல்லப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். மூச்சை இழுத்துக்கொள்கிறான், இதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"எங்கம்மா இன்னா சொல்லுதோ அதான் மாமு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கடிதத்தை நான் வெளியே எடுக்கவில்லை. வினிதா உன் அம்மா மடியில் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் அவள் அப்பனை அசிங்கப்படுத்த எனக்குக் கை வரவில்லை. என்னை அசிங்கப்படுத்தும்போது அவள் அங்கேதான் இருந்தாள் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

நோய் தீரும்வரை நான் அண்ணன் வீட்டில் இருக்க வேண்டுமாம். குழந்தை அங்கேயே இருக்க வேண்டுமாம். முழுசாகப் போகாது என்று டாக்டர் சொன்ன நோய்க்கு இந்தத் தீர்ப்பு.

தாமோதரனுக்குப் போன் போடு. உண்மையைச் சொல்.

உதயா


அஜ்மான்
30.08.2025

உதயா,

அன்றைக்கு அறையில் எட்டு பேரும் இருந்தார்கள். ஸ்பீக்கர் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. நான் என்ன செய்ய முடியும்?

வினிதா நன்றாக இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். பாய் கையில் மாத்திரை கொடுத்திருக்கிறேன், இங்கே நல்ல கம்பெனி. காந்தல் ஆரம்பித்ததும், கொப்புளம் வருவதற்கு முன்பே போட்டுவிடு. மூன்று நாளில் அடங்கிவிடும்.

வி.


மூலக்கொத்தளம்
07.11.2025

வினிதாவின் அப்பாவுக்கு,

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை. நீ நலம்தான் என்று கேள்விப்பட்டேன்.

மாத்திரை வந்து சேர்ந்தது. பத்து மாத்திரை அட்டையில் நான்கு குழி காலியாக இருந்தது. கொப்புளம் வருவதற்கு முன்பே காந்தும் என்று நான் உனக்கு எழுதியதே இல்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்குக் காந்தல் எடுத்தது. அதில்தான் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பரில் எழுதினேன். அக்டோபரில் எழுதினேன். பாய் வெறுங்கையோடு வந்தார். நேற்று மறுபடி ஒரு கடிதம் கொண்டு போனபோது வாங்க மறுத்துவிட்டார். "இன்னாத்துக்குமா அங்க எட்த்துனு போவணும்? அவன் ஊர்லதான் கீறான். வந்து பத்து நாள் ஆவுது" என்றார். அதைச் சொல்லிவிட்டு அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் இதைத் தபாலில் போடுகிறேன்.

நீ ஜூனில் எழுதிய கடிதத்தைத் தலைவர் தாமோதரனிடம் அண்ணன் கொண்டு போய்க் காட்டினான். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாராம். "இதுல இன்னாகீது? என்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எங்கயாவது எழுதிக்கீறானா? பொஞ்சாதிய சமாதானம் பண்ண எல்லாந்தான் எழுதுவோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவர் சொன்னது சரி. எட்டு மாதக் கடிதங்களையும் பரப்பி வைத்துத் தேடினேன். நீ எங்கேயும் எழுதவில்லை.

இன்றைக்கு வினிதாவைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன். கடையில் பாதி நாள் லீவு கேட்டுவிட்டு மூன்றரை மணிக்குப் போய் நின்றேன். அத்தை இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். இரண்டு கை தூரத்தில் சட்டென்று நின்றுகொண்டாள்.

"பல்லு வுழுந்துச்சும்மா."

வாயைத் திறந்து காட்டினாள். நோட்டுத் தாளில் மடித்து வைத்திருந்த பல்லைப் பையிலிருந்து எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் அதை மதில் சுவர் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"நீ எட்த்துக்கோ. நான் தள்ளி நின்னுக்குறேன்."

எடுத்துக்கொண்டேன். "அப்பா வந்திருக்காராமே?" என்று கேட்டேன்.

"ம். அப்பா பக்கத்துலதான் படுக்குறேன். அப்பா தட்டுலதான் துன்றேன்."

உன்னோடு படுக்கிறாள். உன் தட்டில் சாப்பிடுகிறாள். சாப்பிடட்டும், அதனால் ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

பஞ்சாயத்து வேண்டாம். உன் அம்மா வேண்டாம். என் பேர் நல்லதாக வேண்டாம், எனக்கு வீடும் வேண்டாம். திங்கள்கிழமை மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வா. "அம்மா கையப் புடி, ஒண்ணும் ஆவாது" என்று அவளிடம் சொல். நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ சொன்னால் நம்புவாள்.

உதயா


மூலக்கொத்தளம்
18.11.2025

விமல்,

திங்கள்கிழமை நான் நின்றேன். நீ வரவில்லை. ஒருவேளை தபால் கிடைக்கவில்லையோ என்று அதற்கடுத்த திங்களும் நின்றேன். உன் வீட்டு வாசலில் தபால்காரர் உன் கையிலேயே கொடுத்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நேற்று நல்ல மழை. நான் நனைந்துகொண்டு நிற்பதை வினிதா பார்த்துவிட்டாள். தன் குடையை விரித்தபடியே எனக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டு, தலையில் பையைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள். காற்றில் அது உருண்டு ரோட்டுக்குப் போனது. நான் அதன் பின்னால் ஓடினேன். எடுத்துக்கொண்டு திரும்பும்போது உன் அம்மா அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

குடை என்னிடம் இருக்கிறது. இதை அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கும் மழை என்கிறார்கள். மூன்றரை மணி. நீ வா. வந்து அவளிடம் சொல்.

உதயா